தாத்தா வீட்டைப் புதுப்பிக்கும்போது கைக்குழந்தை: எந்த வேலை முதலில்?

தம்பி, மற்றவர்களுக்கும் புரியட்டும் என்று உங்கள் கேள்வியைச் சுருக்கிச் சொல்லிவிட்டுப் பதிலுக்கு வருகிறேன். மலேசியாவின் பேராக் மாநிலத்தில், சுங்கை சிப்புட்டில் தாத்தா 1960களின் கடைசியில் கட்டிய வீடு. பாதிக் கல், பாதிப் பலகை. முன்பக்கம் சிங்கு (துத்தநாகத் தகடு) கூரை, பின்பக்கம் சாம்பல் நிற நெளி அட்டை. மகளுக்கு இப்போது மூன்று மாதம். ஈப்போ வாடகை வீட்டை விட்டுவிட்டு இங்கேயே குடிவந்து, சனி ஞாயிறுகளில் நீங்களும் மைத்துனரும் கொஞ்சம் கொஞ்சமாக வேலை பார்க்க நினைக்கிறீர்கள். முதலில் அடுக்களை, அடுத்து டைல்ஸ், அப்புறம் பெயிண்ட், காசு சேர்ந்ததும் கூரை. கைக்குழந்தையோடு இது முடியுமா, பெயிண்ட் வாடை பிள்ளைக்கு ஒத்துக்கொள்ளுமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

முடியும். ஆனால் நீங்கள் எழுதிய வரிசையை அப்படியே தலைகீழாக்க வேண்டும். கூரை முதலில், அடுக்களை கடைசியில். வாடையைப் பற்றிப் பிறகு சொல்கிறேன். அதைவிட நான் அதிகம் கவலைப்படுவது வாடையே இல்லாத தூசியைப் பற்றி.

நான் தாய்சேய் நலக் கிளினிக்கில் தாதியாக இருந்தவள். பிரசவமான வீடுகளுக்குப் போய்த் தாயையும் பிள்ளையையும் பார்த்து வருவதும் எங்கள் வேலையில் ஒரு பகுதி. எல்ஃபில், கமுனிங், ஹீவூட் என்று தோட்டங்கள் சூழ்ந்த இந்தப் பக்கத்து வீடுகளை உள்ளே போய்ப் பார்த்தவள் என்ற முறையில் பேசுகிறேன். என் கணவருக்குப் பழைய வீடுகளைப் பழுதுபார்ப்பதுதான் தொழில். கீழே மரம், கூரை, சுவர் பற்றி வருவதெல்லாம் அவர் பக்கத்தில் உட்கார்ந்து சொன்னது.

முதலில் நாள்கணக்கைப் பாருங்கள். உங்கள் மகள் இன்னும் வைத்த இடத்தில் கிடக்கிறாள். ஆறு மாதத்துக்கு மேல் உட்காருவாள், ஏழு, எட்டு மாதத்தில் பெரும்பாலான பிள்ளைகள் தவழத் தொடங்கிவிடும். தவழும் பிள்ளையின் உள்ளங்கை நாள் முழுக்கத் தரையில் இருக்கும், அதே கை நிமிடத்துக்கு ஒரு தடவை வாய்க்குப் போகும். ஒன்பது, பத்து மாதத்தில் கட்டை விரலும் ஆள்காட்டி விரலும் சேர்ந்து, ஒரு மிளகு அளவுப் பொருளைக்கூட எடுக்கும் திறமை வந்துவிடும். ஆகவே உடைக்கிற, சுரண்டுகிற, அறுக்கிற வேலை எல்லாம் அவள் தவழ்வதற்கு முன் முடிந்து, வீடு கழுவப்பட்டிருக்க வேண்டும். உங்கள் கையில் இருப்பது சுமார் மூன்று, நான்கு மாதம். மினுக்குகிற வேலைகளை அதற்குப் பிறகு ஆண்டுக்கணக்கில் செய்துகொள்ளலாம், ஒன்றும் கெட்டுப்போகாது.

அதனால் சனி ஞாயிறுத் திட்டம் எனக்குப் பிடிக்கவில்லை. இரண்டு நாள் தூசி கிளப்பி, ஐந்து நாள் அதே தூசியில் குடும்பம் நடத்தி, அடங்கும் நேரத்தில் மறுபடி கிளப்புவது என்றால் அந்த வீட்டில் தூசி இல்லாத நாளே இருக்காது. பிறந்த குழந்தை நிமிடத்துக்கு 30 முதல் 60 தடவை மூச்சு விடும், பெரியவர்கள் 12 முதல் 20 தடவைதான். உடல் எடைக்குப் பார்த்தால் நம்மைவிட எவ்வளவோ அதிகக் காற்றை அந்தச் சின்ன நுரையீரல் உள்ளே இழுக்கிறது. தூசி வேலைகளை எல்லாம் ஒன்றாகச் சேர்த்து, விடுப்பு எடுத்து, ஆள் வைத்து ஒரே மூச்சில் முடியுங்கள். அந்த வாரங்களில் தங்கச்சியும் (உங்கள் மனைவியைத்தான் சொல்கிறேன்) பிள்ளையும் கோலகங்சாரில் அம்மா வீட்டில் இருக்கட்டும். அரை மணி நேரத் தூரம்தானே, சாயங்காலம் குளித்துவிட்டுப் போய்ப் பார்த்து வாருங்கள். தங்கச்சி வேலைக்குத் திரும்புகிற நாளும் நெருங்கிவிட்டிருக்கும். 2023 ஜனவரி முதல் பிரசவ விடுப்பு 98 நாள் என்றாலும், மூன்று மாதக் குழந்தைக்கு அது ஏறக்குறைய முடிந்த கதைதான். கோலகங்சாரிலிருந்து கொஞ்ச நாள் வேலைக்குப் போய்வருவது சிரமம்தான், தெரியும். இருந்தாலும் அதைத்தான் சொல்வேன்.

இனி அந்தப் பின்பக்கக் கூரை. அந்தக் காலத்தில் போட்ட சாம்பல் நிற நெளி அட்டை என்றால் அது அஸ்பெஸ்டாஸ் கலந்த சிமெந்து அட்டை என்றே வைத்துக்கொள்ளுங்கள். கண்ணால் பார்த்துக் கலந்திருக்கிறதா இல்லையா என்று யாராலும் சொல்ல முடியாது, ஆய்வுக்கூடத்தில்தான் தெரியும். உள்ளே சீலிங்கைப் பாருங்கள். தட்டையான அட்டையை மரச் சட்டம் வைத்து அடித்திருந்தால் அதையும் அதே சந்தேகத்தோடு பாருங்கள். பலர் கூரையை மட்டும் பார்த்துவிட்டு, தலைக்கு நேர் மேலே இருக்கும் சீலிங்கை மறந்துவிடுகிறார்கள்.

அட்டை முழுசாக, உடையாமல் இருக்கும்வரை நார் சிமெந்துக்குள் பிடிபட்டிருக்கும், பெரிய ஆபத்து இல்லை. துளை போடுவது, ரம்பத்தில் அறுப்பது, சுத்தியலால் உடைத்துக் கீழே தள்ளுவது, பாசி போக வேண்டும் என்று தண்ணீரைப் பீய்ச்சி அடிப்பது, இவைதான் நாரை வெளியே விடும். நுரையீரலுக்குள் போன நார் வெளியே வராது. அதனால் வரும் நோய்கள், புற்றுநோய் உட்பட, 20, 30, 40 ஆண்டுகள் கழித்துத் தலைகாட்டுபவை. ஐம்பது வயதில் ஒருவர் அந்தத் தூசியை இழுப்பதற்கும் மூன்று மாதப் பிள்ளை இழுப்பதற்கும் உள்ள வித்தியாசத்தை நான் விளக்க வேண்டியதில்லை. அவளுக்கு முன்னால் எழுபது, எண்பது ஆண்டு இருக்கிறது.

ஆக உங்களுக்கு வழி இரண்டு. அட்டை நல்ல நிலையில் இருந்தால் தொடாமல் விட்டுவிடலாம். எடுத்துத்தான் ஆக வேண்டும் என்றால் பிள்ளை வீட்டில் இல்லாதபோது, அனுபவம் உள்ள ஆட்களை வைத்து எடுங்கள். நன்றாக ஈரமாக்கி, ஆணியை, போல்ட்டைக் கழற்றி, அட்டையை முழுசாகவே இறக்க வேண்டும். மேலிருந்து எறியக் கூடாது. தடித்த பிளாஸ்டிக்கில் இரட்டையாகச் சுற்றி ஒட்ட வேண்டும். வேலை செய்கிறவர்களுக்குத் துணி முகமூடியோ மூன்று அடுக்கு மருத்துவ முகமூடியோ போதாது, அதற்கென்று இருக்கும் வடிகட்டி வைத்த முகமூடி வேண்டும். இறக்கியதைச் செம்பனைக் காட்டில் கொண்டுபோய்க் கொட்டவோ, கோழிக் கூண்டுக்குக் கூரையாகப் போடவோ, உடைத்து ரோரோ தொட்டியில் (கட்டடக் குப்பைக்கு வாடகைக்கு எடுக்கும் பெரிய தொட்டி) போடவோ கூடாது. அஸ்பெஸ்டாஸ் தூசியும் நாரும் 2005ஆம் ஆண்டு அட்டவணைக் கழிவு (ஆபத்தான கழிவு) விதிமுறைகளில் எஸ்.டபிள்யூ. 201 என்ற எண்ணில் வருகின்றன. எங்கே ஒப்படைப்பது என்று சுற்றுச்சூழல் துறையிடம் கேட்டுக்கொண்டு வேலையைத் தொடங்குங்கள். உங்கள் மைத்துனர் ஏறி உடைத்துவிடலாம் என்று சொல்லியிருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். வேண்டாம் என்று அவரிடம் கண்டிப்பாகச் சொல்லுங்கள். அவருக்கும் பிள்ளைகள் இருக்கும்.

கூரையைத் திறக்கக் காலமும் பார்க்க வேண்டும். பேராக் உள்பகுதியில் ஏப்ரல், மேயிலும் அக்டோபர், நவம்பரிலும்தான் மழை உச்சம். ஜனவரி, பிப்ரவரி அல்லது ஜூன், ஜூலை கிடைத்தால் நல்லது. எந்த மாதமானாலும் நம் ஊரில் மத்தியானத்துக்கு மேல் வானம் இருட்டிக்கொண்டு வரும், ஆகவே காலையில் எவ்வளவு மூட முடியுமோ அவ்வளவை மட்டுமே திறக்கச் சொல்லுங்கள். புதுத் தகடு போடும்போதே அடியில் அலுமினியத் தாள் விரித்துவிடுங்கள். செலவு கொஞ்சம் கூடும், பிறகு போட வேண்டுமென்றால் மறுபடி கூரையைப் பிரிக்க வேண்டும். சிங்கு வீட்டின் மத்தியானச் சூட்டில் பிள்ளை வேர்த்து, வேர்க்குரு போட்டு, அழுது பால் குடிக்காமல் போவதை நிறையப் பார்த்திருக்கிறேன்.

அடுத்தது பழைய பெயிண்ட். இதில்தான் நிறையப் பேர் கோட்டை விடுகிறார்கள், அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன். அந்தக் காலத்து எண்ணெய்ப் பெயிண்டில் ஈயம் கலந்திருக்க நல்ல வாய்ப்பு உண்டு. கதவு, ஜன்னல் சட்டம், பலகைச் சுவர், இரும்புக் கிரில், கிரிலுக்கு அடியில் அடித்த சிவப்புப் பூச்சு, இவைதான் முதலில் சந்தேகப்பட வேண்டிய இடங்கள். சுண்ணாம்பு அடித்த கல் சுவரில் அந்தக் கவலை குறைவு. மேலே நான்கைந்து தடவை புதிதாக அடித்திருந்தாலும் அடியில் தாத்தா காலத்து அடுக்கு அப்படியே இருக்கும்.

ஈயத்தில் இவ்வளவு வரை பாதிப்பில்லை என்று சொல்லத்தக்க அளவே இல்லை என்பது உலக சுகாதார நிறுவனத்தின் நிலை. வயிற்றுக்குள் போகும் ஈயத்தைச் சின்னப் பிள்ளைகளின் உடம்பு பெரியவர்களைப்போல நான்கைந்து மடங்கு உறிஞ்சிக்கொள்ளும். அது போய்ச் சேரும் இடம் வளர்கிற மூளை. காய்ச்சல், வாந்தி என்று எதையும் காட்டாமலே பிள்ளையின் கற்கும் திறனையும் கவனத்தையும் குறைத்துவிடும். பள்ளிக்கூடம் போன பிறகு, ஏன் இவள் மட்டும் பின்தங்குகிறாள் என்று யோசிப்போம், அப்போது காரணத்தைத் தேடிப் பிடிக்கவும் முடியாது.

ஆகவே பெயிண்ட் நன்றாக ஒட்டிக்கொண்டிருக்கும் இடத்தைச் சுரண்டவே சுரண்டாதீர்கள். கழுவிக் காயவைத்து மேலேயே அடித்துவிடுங்கள். உரிந்து தொங்கும் இடத்தை மட்டும் தண்ணீர் தெளித்து, நீர் உப்புத்தாளால் ஈரமாகத் தேயுங்கள். காய்ந்தபடி மெஷின் போட்டுத் தேய்ப்பதும், கேஸ் நெருப்பைக் காட்டி உரிப்பதும்தான் எல்லாவற்றையும்விட மோசம். நெருப்பு காட்டினால் ஈயம் புகையாகவே கிளம்பும். கழற்ற முடிந்த கதவு, ஜன்னல், கிரிலைக் கழற்றி வெளியே, தரையில் கன்வாஸ் விரித்து வேலை செய்யுங்கள், கன்வாஸைச் சுருட்டி மூட்டை கட்டிவிடுங்கள். சுரண்டியது வாசல் மண்ணில் கலந்தால், ஒரு வயதில் அவள் விளையாடப்போவது அந்த மண்ணில்தான்.

தினமும் திறந்து மூடும் ஜன்னலில் சட்டமும் சட்டமும் உராய்ந்து, யாரும் சுரண்டாமலே பெயிண்ட் தூளாக உதிரும். பிள்ளை படுக்கும் அறையில் அப்படி ஜன்னல் இருந்தால், முழு வீட்டையும் விட்டுவிட்டாவது அதை மாற்றுங்கள். நாக்கோ ஜன்னல் (கண்ணாடிப் பட்டைகளை வரிசையாகச் செருகிய ஜன்னல்) என்றால் கண்ணாடிகளை ஒவ்வொன்றாக ஆட்டிப் பாருங்கள். பழைய பிடி தளர்ந்து கண்ணாடி நழுவி விழும், கீழே தொட்டில் இருக்கக் கூடாது.

வீட்டைச் சுத்தம் செய்வதில் ஒரு பழக்கத்தை மாற்ற வேண்டும். விளக்குமாறு தூசியைக் கிளப்பிவிட்டு மறுபடி அதே இடத்தில் உட்காரவைக்கும். வடிகட்டி சரியில்லாத வாக்குவம் கிளீனரும் நுண்தூசியைப் பின்பக்கமாக ஊதிவிடும். ஈரத் துணியால் துடையுங்கள். இரண்டு வாளி வையுங்கள், ஒன்றில் சோப்புத் தண்ணீர், மற்றதில் துணியை அலசுவதற்கு. ஜன்னல் விளிம்பு, சுவரோர இடுக்கு, கதவுக்கு அடி, பலகை இணைப்பு, இங்கெல்லாம் விரலை ஓட்டிப் பாருங்கள். வேலை செய்த உடுப்போடு பிள்ளையைத் தூக்காதீர்கள். வெளியே குளியலறை இருந்தால் அங்கேயே குளித்து, மாற்றிக்கொண்டு உள்ளே வாருங்கள். அந்த உடுப்பைப் பிள்ளைத் துணியோடு சேர்த்துத் துவைக்கவும் கூடாது.

ஈயம் என்றதும் பெயிண்டை மட்டும் நினைக்காதீர்கள். பொட்டலத்தில் வரும் சில கண்மைகளிலும் சுர்மாவிலும் ஈயம் இருப்பது தெரிந்த செய்தி. பாட்டிகள் ஆசையாக வைப்பது, மனதைப் புண்படுத்தாமல் சொல்லிக் கண்ணுக்கு வேண்டாம் என்று நிறுத்துங்கள். பழைய இரும்புக் குழாயில் ராத்திரி முழுக்க நின்ற தண்ணீரைக் காலையில் கொஞ்ச நேரம் ஓடவிட்டுவிட்டுப் பாலுக்குப் பிடியுங்கள். கொதிக்கவைப்பதால் கிருமி சாகும், ஈயம் போகாது. ஆறு மாதத்துக்குப் பிறகு முட்டை, ஈரல், பருப்பு, கீரை என்று இரும்புச் சத்துள்ள உணவு சேரட்டும். இரும்புச் சத்துக் குறைந்த பிள்ளையின் உடம்பு ஈயத்தை இன்னும் அதிகமாக உறிஞ்சும். சந்தேகம் இருந்தால் கிளினிக்கில் டாக்டரிடம் வீட்டு வேலையைப் பற்றிச் சொல்லி இரத்தத்தில் ஈய அளவு பார்க்க வேண்டுமா என்று கேளுங்கள். நீங்களாகச் சொல்லாவிட்டால் யாருக்கும் அது தோன்றாது.

கூரையும் சுரண்டலும் முடிந்து நீங்கள் குடிவருகிற நேரத்தில் ஒரே ஒரு அறையாவது முழுசாக முடிந்திருக்க வேண்டும். எல்லா அறையும் பாதி முடிந்த வீட்டைவிட, ஒரு அறை முடிந்து மற்றவை அப்படியே கிடக்கிற வீடு பிள்ளைக்கு நல்லது. அந்த அறையைத் தேர்ந்தெடுக்கும்போது அண்ணாந்து பாருங்கள். நம் பழைய பலகை வீடுகளில் நடுச்சுவர் கூரைவரை போகாது, காற்றுக்காக மேலே திறந்திருக்கும், அல்லது மர வேலைப்பாட்டோடு துவாரம் விட்டிருப்பார்கள். கதவைச் சாத்தினாலும் அடுக்களையில் வெட்டும் டைல்ஸின் தூசி அந்த வழியாக வந்து தொட்டிலில் இறங்கும். வீட்டுப் பக்கம் இருக்கும் அந்தத் திறப்பைப் பிளாஸ்டிக் ஷீட்டால் அடையுங்கள். வெளிப்பக்க ஜன்னலைத் திறந்து கொசுவலை போடுங்கள். பிற்பாடு வேலை நடக்கும் இடத்தில் ஒரு மின்விசிறியை ஜன்னலுக்கு வெளியே ஊதும்படி வைத்தால், காற்று அறையிலிருந்து வேலை இடத்துக்குப் போய் அங்கிருந்து வெளியேறும், திரும்பி வராது. டைல்ஸையும் தண்ணீர் விட்டு வெட்டச் சொல்லுங்கள், வீட்டுக்கு வெளியே வைத்து.

தொட்டில் பற்றி. நம் வீடுகளில் உத்தரத்தில் ஸ்பிரிங் மாட்டி, சாரோங்கோ சேலையோ கட்டி ஆட்டுவதுதான் வழக்கம். அந்த உத்தரத்தை நம்பி மாட்டுவதற்கு முன் ஒரு ஸ்குரூ டிரைவரால் பல இடத்தில் அழுத்திக் குத்திப் பாருங்கள், தட்டிப் பாருங்கள். செங்கால் மரமாக இருந்தால் கரையான் லேசில் தொடாது. மெராந்தி போன்ற மரம் என்றால் மேல்தோல் பளபளவென்று பெயிண்டோடு இருக்கும், உள்ளே காகிதம்போல அரித்திருக்கும். முனை சுலபமாக உள்ளே போனாலோ, பொத்தென்று சத்தம் வந்தாலோ அங்கே தொட்டில் கட்டக் கூடாது. ஜன்னல் கிரிலிலும் மாட்டாதீர்கள். இரும்புக் கால் வைத்த தொட்டில் கடையில் கிடைக்கிறது, அது போதும். அதிலும் பக்கத்தில் ஆள் இருக்கும்போது மட்டும் ஆட்டுங்கள். ராத்திரித் தூக்கத்துக்குச் சமதளமான, கெட்டியான மெத்தையில், தலையணை இல்லாமல், மல்லாக்கப் படுக்கவைப்பதுதான் பாதுகாப்பு. இதைக் கிளினிக்கிலும் சொல்லியிருப்பார்கள்.

கரையான் மருந்து அடிக்க வேண்டியிருந்தால் அதுவும் நீங்கள் குடிவருவதற்கு முன் முடியட்டும். மருந்தின் பெயரையும் எத்தனை நாள் கழித்து உள்ளே வரலாம் என்பதையும் எழுதி வாங்குங்கள். மரத்துக்குக் கறுப்பு எண்ணெய் அடிப்பது, பழைய எஞ்சின் எண்ணெய் தடவுவது எல்லாம் பிள்ளை தொடும் உயரத்தில் வேண்டவே வேண்டாம்.

தாத்தாவின் பழைய அலமாரிகளைத் திறக்கும்போது ஒன்று கவனியுங்கள். மூலையில் அந்துருண்டை கிடக்கும். இந்த நாட்டில் பிறக்கும் பிள்ளைகளுக்குத் தொப்புள்கொடி இரத்தத்தில் ஜி6பிடி குறைபாடு (சிவப்பணுக்களைக் காக்கும் ஒரு நொதி குறைவாக இருப்பது) பார்ப்பார்கள், உங்கள் மகளின் கிளினிக் புத்தகத்தில் எழுதியிருக்கும். அந்தக் குறைபாடு உள்ள பிள்ளைக்கு அந்துருண்டை வாடையும், அது வைத்திருந்த துணியும் போதும், இரத்தச் சிவப்பணுக்கள் உடைந்து மஞ்சள் காமாலை கடுமையாகிவிடும். குறைபாடு இல்லையென்றாலும் அதை வீட்டில் வைத்திருக்க வேண்டாம், மிட்டாய் என்று நினைத்து வாயில் போடும் வயது வரத்தான் போகிறது. பெட்டியில் இருந்த பழைய சேலையைத் தொட்டிலுக்கு எடுப்பதானால் நன்றாகத் துவைத்து வெயிலில் பலமுறை உலர்த்துங்கள்.

மின்சாரத்தைப் பற்றிச் சுருக்கமாக. அந்த வயது வீட்டில் ஒயரின் மேலுறை கையால் தொட்டாலே உதிரும், ஆகவே முழுசாக மாற்றுங்கள், எரிசக்தி ஆணையத்தில் பதிவு பெற்ற ஒயர்மேனை வைத்து. ஈ.எல்.சி.பி. (மின்கசிவு ஏற்பட்டால் உடனே மின்சாரத்தைத் துண்டிக்கும் கருவி) இல்லையென்றால் மற்ற எதற்கும் முன்னால் அது. பிள்ளை விரலை விடக்கூடிய பிளக் பாயிண்டுகளுக்கு 30 மில்லி ஆம்பியரில் துண்டிக்கும் வகையாக இருக்கட்டும், மாதம் ஒருமுறை டெஸ்ட் பொத்தானை அழுத்திப் பாருங்கள். சதுர மூன்று முனைப் பிளக் பாயிண்டில் உள்ளே மூடி இருக்கும், பழைய உருண்டை முனைப் பாயிண்டில் பெரும்பாலும் இருக்காது. அவற்றை எடுத்துவிடுங்கள்.

தண்ணீர்தான் இன்னொரு பெரிய விஷயம். குளியலறையில் சிமெந்துத் தொட்டி இருக்கும், தாத்தா காலத்து வீடாயிற்றே. அதை உடைத்துவிடுங்கள், அல்லது காலியாக வைத்திருங்கள். எழுந்து நிற்கப் பழகும் பிள்ளை எட்டிப் பார்த்துத் தலைகீழாக விழுந்தால் சத்தமே வராது. சில அங்குலத் தண்ணீர் உள்ள வாளியும் அதேதான்.

வேலை நடக்கும் வீடு ஏடிஸ் கொசுவுக்குப் பிடித்த வீடு. சிமெந்து கலக்கும் டிரம், பெயிண்ட் டப்பா, ஓட்டைச் செங்கல், கன்வாஸ் மடிப்பு, கழற்றிப் போட்ட பாத்திரம் கழுவும் சிங்க், எங்கெல்லாம் மழை நீர் தங்குகிறதோ அங்கெல்லாம் ஒரு வாரம், பத்து நாளில் முட்டை கொசுவாகிப் பறந்துவிடும். காய்ந்த முட்டையும் மாதக்கணக்கில் உயிரோடு காத்திருக்கும், அதனால் கவிழ்த்தால் மட்டும் போதாது, தேய்த்துக் கழுவ வேண்டும். வாரம் ஒரு நாளை அதற்கென்று வைத்துக்கொள்ளுங்கள். வீட்டில் கொசுப் புழு இருந்தால் 1975ஆம் ஆண்டுச் சட்டப்படி அபராதம் போடலாம் என்பது இருக்கட்டும். தங்கச்சிக்கு முன்பு எப்போதாவது டெங்கி வந்திருந்தால், தாயிடமிருந்து வந்த எதிர்ப்பொருள் குறையும் ஆறு முதல் ஒன்பது மாத வயதில் பிள்ளைக்கு டெங்கி வந்தால் கடுமையாக வாய்ப்பு உண்டு. உங்கள் வேலை நடக்கும் காலமும் அதுதான். பகல் தூக்கத்துக்கும் கொசுவலை போடுங்கள், ஏடிஸ் காலையிலும் அந்தி நேரத்திலும் கடிக்கும். காய்ச்சல் வந்தால் இபுபுரூஃபன், ஆஸ்பிரின் கொடுக்காதீர்கள். மூன்று மாதத்துக்குக் குறைந்த பிள்ளைக்கு 38 டிகிரி என்றால் வீட்டு வைத்தியம் பார்க்காமல் நேரே மருத்துவமனைக்குப் போங்கள்.

சுவரோரம் பலகையும் ஓடும் குவித்து வைக்காதீர்கள். எலி வரும், செம்பனைக்குப் பக்கத்தில் எலி இருக்குமிடத்துக்கு நாகம் வரும். பூரானும் தேளும் சொல்லவே வேண்டாம். ரோரோ தொட்டி வாடகை வீண் செலவு என்று தோன்றினாலும் எடுத்துவிடுங்கள்.

இன்னொன்று, வேலையைத் தொடங்கும் முன் நிலப் பட்டா யார் பெயரில் இருக்கிறது என்று பாருங்கள். தாத்தா பெயரிலேயே இருந்தால், சித்தப்பா, அத்தைகளிடம் பேசி, மாவட்ட நில அலுவலகத்தில் 1955ஆம் ஆண்டுச் சிறு சொத்துப் பங்கீட்டுச் சட்டத்தின்கீழ் மனுச் செய்யும் வழியைக் கேளுங்கள். பணத்தைக் கொட்டிய பிறகு உறவில் விரிசல் வந்தால் பிள்ளையும் அந்த நிம்மதியின்மையில்தான் வளரும். கூரைச் சட்டத்தை மாற்றுவது, அறை கூட்டுவது போன்றவற்றுக்குக் கோலகங்சார் நகராண்மைக் கழகத்தில் அனுமதி கேட்டுக்கொள்ளுங்கள். கான்ட்ராக்டருக்கு வேலை முடிய முடியப் பணம் கொடுங்கள், மொத்தமாக முன்பணம் வேண்டாம்.

வீட்டுக்கு வரும் பெரியவர்கள் பிள்ளையைக் குளிப்பாட்டிச் சாம்பிராணி காட்டச் சொல்வார்கள். ஏற்கெனவே தூசியும் தின்னரும் சேர்ந்த வீட்டில் கரிப் புகையும் வேண்டாம். தலையைத் துவட்டி, உலர்ந்த துணியில் சுற்றினால் போதும். நான் சொன்னேன் என்று என் மேல் பழியைப் போடுங்கள், அம்மாவிடம் நீங்கள் சண்டை போட வேண்டாம்.

கடைசியாக நீங்கள் கேட்ட பெயிண்ட் வாடை. பிள்ளையின் அறைக்கு நீரில் கரையும், வாடை குறைந்த பெயிண்டே போதும். சுவருக்கு எண்ணெய்ப் பெயிண்ட் தேவையில்லை. கதவுக்கும் கிரிலுக்கும் எண்ணெய்ப் பெயிண்ட்தான் வேண்டுமென்றால் கழற்றி வெளியே அடித்து, வாடை போன பிறகு மாட்டுங்கள். சுவர் காய்ந்ததும் உடனே படுக்கவைக்காமல், ஜன்னலைத் திறந்து விசிறி போட்டுச் சில நாள் விடுங்கள். காலையில் கதவைத் திறந்ததும் உங்கள் மூக்குக்கு எதுவும் தெரியாத நாளில் தொட்டிலை உள்ளே கொண்டு போங்கள். புதுப் பிளைவுட் அலமாரியும் பல வாரம் வாடை விடும், அதை அந்த அறையில் வைக்காதீர்கள். பிள்ளைத் துணிக்குத் தாத்தாவின் பழைய மர அலமாரியே போதும், அந்துருண்டையை எடுத்து, ஈரத் துணியால் துடைத்து, வெயிலில் காயவைத்த பிறகு. அதன் வெளிப்பக்கப் பெயிண்ட் உரிந்திருந்தால் மட்டும், ஈரமாகத் தேய்த்து மேலே ஒரு பூச்சு அடித்துவிடுங்கள்.

பின்பக்கக் கூரையையும் உள்சீலிங்கையும் கீழே நின்றபடியே படம் எடுத்து அனுப்புங்கள், மேலே ஏற வேண்டாம். எந்தப் பக்கத்திலிருந்து தொடங்கலாம் என்று என் கணவர் பார்த்துச் சொல்வார்.